பல்லின் இரண்டு பக்கங்களுக்குத் தமிழ்ச் சொல் வேண்டும்
வணக்கம். பென்னாகரம் பக்கம் அரசுப் பள்ளி ஆசிரியர் நான். ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடித்து வளர்ந்த பெற்றோர் பலருக்கு முன்பற்களில் பழுப்புப் பட்டைகள் இருக்கின்றன. அது தேய்த்தால் போகும் அழுக்கல்ல, எனாமல் (பல்லின் கடினமான மேலடுக்கு) உருவாகும் வயதிலேயே நேர்ந்த பாதிப்பு என்று பிள்ளைகளுக்குப் படம் வரைந்து காட்டப் போகிறேன்.

படத்தில் மகுடம், கழுத்து, வேர், டென்டின் (எனாமலுக்கு உள்ளே இருக்கும் அடுக்கு), பற்கூழ் (பல்லின் நடுவிலுள்ள மென்பகுதி) எல்லாம் எழுதிவிட்டேன். கன்னப் பக்கம், நாக்குப் பக்கம், மெல்லும் பரப்பு ஆகியவையும் எளிதாக அமைந்தன. அடுத்த பல்லைத் தொடும் இரண்டு பரப்புகளில்தான் தடுமாறுகிறேன். ஆங்கிலத்தில், முகத்தின் நடுக்கோட்டை நோக்கியது மீசியல், எதிர்ப்புறம் டிஸ்டல். ‘முன்பக்கம், பின்பக்கம்’ என்றால் கடைவாய்ப் பல்லுக்குப் பொருந்துகிறது. வெட்டுப்பல்லில் அதையே உதட்டுப் பக்கம், நாக்குப் பக்கம் என்று பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள்.

இங்குள்ள பல் மருத்துவர்கள் நோயாளிகளிடம் எப்படிச் சொல்கிறீர்கள்? திங்கட்கிழமை வகுப்புக்கு முன் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.