ஓட்டமாவடிப் பாலத்துக்கு 1960களின் கார்கள்: ஓஓ தண்டவாளத்தோட எந்த அளவு ஒத்துப்போகும்?

வாவிக்கரை, மட்டக்களப்பு:

எல்லாருக்கும் வணக்கம். 8 அடிக்கு 2 அடி பலகையில ஓட்டமாவடிப் பாலத்தையும் இரண்டு பக்க வீதியையும் மொடலாகச் செய்யிறன். காலம் 1960–65. கோச்சியும் காரும் ஒரே பாலத்தால மாறி மாறிப் போன அந்தக் காட்சிதான் எனக்கு வேணும். தண்டவாளம் ஓஓ என்கிற மொடல் ரயில் அளவு, இரண்டு தண்டவாளத்துக்கும் இடையில 16.5 மில்லிமீற்றர்.

பிரச்சினை வாகனத்தில. மூன்று மொறிஸ் மைனர் வைத்திருக்கிறன். பெட்டிகளில 1:76, 1:72, 1:64 என்று போட்டிருக்கு. வரிசையாக நிறுத்தினால் தகப்பனும் இரண்டு பிள்ளைகளும் நிற்கிறமாதிரி இருக்கு. 1:87 கார்தான் இந்தத் தண்டவாளத்துக்குச் சரி என்றும் சிலர் சொல்லுறாங்க. எதை எடுக்கிறது? அந்தக் காலத்துக்கு எந்தெந்தக் கார் பொருந்தும்? நம்பர் பிளேட் எப்படிச் செய்யிறது? கழற்றி நிறம் மாற்றத் தெரிஞ்சவங்க விவரமாக எழுதுங்க.

நாலுமில்லி:

ஓஓ என்றால் ஒரு அடிக்கு 4 மில்லிமீற்றர், அதாவது 1:76. பிரித்தானியக் கார்களின் அளவு பழைய கையேடுகளில அங்குலத்தில இருக்கும். அதை மூன்றால் வகுத்தால் உங்களுக்கு வேண்டிய மில்லிமீற்றர் வந்துவிடும். மொறிஸ் மைனர் நீளம் 148 அங்குலம்: 49.3 மி.மீ. அகலம் 61 அங்குலம்: 20.3. ரயர் விட்டம் 24 அங்குலம்: 8. மினி 120 அங்குலம்: சரியாக 40.

பெட்டியில உள்ள எண்ணை நம்பாதீங்க, கலிப்பரை நம்புங்க. அதே மைனர் 1:72இல 52 மி.மீ., 1:64இல கிட்டத்தட்ட 59. பெட்டிக்குள் அடங்கவேண்டும் என்பதற்காகவே அளவைக் கூட்டிக் குறைத்துச் செய்த விளையாட்டுக் கார்களும் இருக்கு. மைனரின் உயரம் 5 அடி, அதாவது 20 மி.மீ. ஐந்தரை அடி ஆள் 22 மி.மீ. பொம்மை காருக்குப் பக்கத்தில நின்றால் தலை கூரைக்கு மேல 2 மி.மீ. தெரியவேணும். தலை முழுக்கக் கூரைக்குக் கீழ போனால் அந்தக் கார் பெரிசு.

1:72 காரைத் தூக்கி எறியத் தேவையில்ல. பலகையின் முன் விளிம்பில, 1:76 கார் பக்கத்தில இல்லாத இடத்தில தனியாக நிறுத்தலாம். கண்ணுக்குக் கிட்ட இருப்பது பெரிதாகத் தெரிவது இயல்புதானே. 1:64ஐ மட்டும் விட்டுவிடுங்க.

1:87 என்பது எச்ஓ. அதுவும் 16.5 மி.மீ. தண்டவாளத்திலதான் ஓடும், அதால வந்த குழப்பம் இது. தண்டவாளம் ஒன்று, அளவு வேற. எச்ஓ மைனர் 43 மி.மீ.தான் வரும். எச்ஓ கார்களில பெரும்பாலானவை ஐரோப்பிய, அமெரிக்க வாகனங்கள், ஸ்ரியறிங் இடப்பக்கம். கண்ணாடிக்குள்ளால பார்த்தால் பிழை உடனே தெரியும். பிரித்தானிய மொடல்களில ஸ்ரியறிங் வலப்பக்கம், நம்ம வீதிக்கு அப்படியே பொருந்தும். கார், லொறிக்கு ஒக்ஸ்போர்ட் டைகாஸ்ட் 1:76 வரிசையைத் தேடுங்க.

காலம்: ஹெட்லைற் கிறிலுக்குள் இருக்கும் மைனர் தொடக்க கால வகை. முன்கண்ணாடி நடுவில பிரிந்தது 1956 வரைக்கும். ஒரே வளைந்த கண்ணாடி மைனர் 1000, 1956 கடைசியில வந்தது. ஒஸ்ரின் ஏ40 டெவன் 1947–52, சமர்செட் 1952–54. மினியும் போர்ட் அங்கிலியா 105ஈயும் 1959. அறுபதுகளின் தொடக்கத்தில கார் இறக்குமதி இறுகிப்போனதால பழைய கார்களே தொடர்ந்து ஓடின. ஆகவே ஐந்து காரில நான்கு ஐம்பதுகளின் கார், ஒன்று புதுசு என்ற கணக்கில வையுங்க. அம்பாறை, கல்லோயாப் பக்கத்தால வந்தமாதிரி ஒரு லான்ட் றோவர் சீரிஸ் 1 நின்றால் இன்னும் நல்லம்.

மணல்வீதி:

அளவுக்கு மேல ஒரு விஷயம் இருக்கு. இந்தப் பாலத்தில அதுதான் முக்கியம்.

இலங்கைப் பாதை 5 அடி 6 அங்குலம், 1676 மி.மீ. அதை 1:76க்குக் கொண்டுவந்தால் 22 மி.மீ. வரவேணும். நீங்க போடுறது 16.5. சாதாரண ஸ்ரேசனில இந்த ஐந்தரை மில்லிமீற்றர் குறைவை யாரும் கவனிக்கமாட்டாங்க. ஓட்டமாவடியில கவனிப்பாங்க. ஏனென்றால் மைனரின் இடது வலது சக்கரங்களுக்கு இடையில் கிட்டத்தட்ட 1285 மி.மீ. உண்மையான பாலத்தில இரண்டு சக்கரமும் தண்டவாளங்களுக்கு உள்ளே அடங்கிவிடும். மொடலில அந்த இடைவெளி 16.9 மி.மீ., அதாவது ரயர் நேரே தண்டவாளத்தின் தலையில ஏறி நிற்கும். கார் தண்டவாளத்தில ஓட வந்தமாதிரித் தெரியும்.

வாவிக்கரை:

இது எனக்குத் தோணவே இல்ல அண்ணன். அப்ப பாலத்துக்கு மேல காரே நிறுத்தக்கூடாதா? 22 மி.மீ. பாதை போட என்னால ஏலாது, எஞ்சின் சக்கரம் எல்லாம் மாற்றவேணும்.

மணல்வீதி:

நிறுத்தலாம் தம்பி, பார்க்கிற கோணத்தைக் கட்டுப்படுத்தினால் போதும். ரயர் தண்டவாளத்தில நிற்பது பாலத்தின் வாயிலால நேரே பார்த்தால்தான் தெரியும். பக்கவாட்டில பார்த்தால் கீழ் இரும்புச் சட்டம் ரயரின் கீழ்ப்பாதியை மறைத்துவிடும். எனவே பாலம் பலகையின் நீளவாக்கில இருக்கட்டும், இரண்டு வாயிலுக்கும் நேரே ஆள் நிற்க இடம் விடாதீங்க. பலகையைக் கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ, 4 அடி உயரத்தில வையுங்க. மற்றக் கார்களையெல்லாம் கேற்றடியில, கோச்சி போகும் வரைக்கும் காத்து நிற்கிற வரிசையாக விடுங்க. அந்தப் பாலத்தின் குணமே அந்த வரிசையிலதான் இருக்கு. பாலத்துக்கு மேல ஒரு கார் போதும்.

பாலத் தளம் தண்டவாளத் தலையைவிட அரை மி.மீ. தாழ்வாக இருக்கவேணும். சமமாக இருந்தால் தண்டவாளம் துடைக்கிற நேரம் தளத்தின் பெயின்டும் சேர்ந்து உரியும். உள்பக்கம் சக்கர விளிம்புக்கு 1.5 மி.மீ. இடைவெளி விடுங்க. அதுக்குள்ள பசை வழிந்து காய்ந்தால் எஞ்சின் அந்த இடத்தில ஏறிக் குதிக்கும்.

காரை ஒட்டாதீங்க, கோச்சி விடும்போது எடுக்கவேணும். தளத்துக்கு அடியில 5 மி.மீ. காந்த வில்லை ஒன்று வைத்தால் பிடித்துக்கொள்ளும். ஆனால் டைகாஸ்ட் என்பது நாகக் கலவை, காந்தம் இழுக்காது. பிஸ்கட் ரின்னில இருந்து 6 மி.மீ. சதுரம் வெட்டிக் காரின் அடித்தட்டில ஒட்டுங்க. ரப்பர், பிளாஸ்டிக் ரயர் உள்ள கார் என்றால் பயமில்ல. சக்கரமும் சேர்ந்து வெள்ளை உலோகத்தில வார்த்த கிட் என்றால் இரண்டு தண்டவாளத்தையும் தொட்டு சோர்ட் ஆகும்.

கேற்றடியில கார் நிறுத்த முதல் உங்களிட்ட உள்ள ஆக நீளமான கோச்சிப் பெட்டியைக் கையால தள்ளிக்கொண்டு போங்க. வளைவில அது எவ்வளவு வெளியே வருகுது என்று பென்சிலால கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே 5 மி.மீ. தள்ளித்தான் முதல் கார். வீதியும் அகலமாகிவிடக்கூடாது. 12 அடித் தார் என்றால் 48 மி.மீ., இரண்டு பக்கமும் மணல் ஓரம்.

கல்முனை மேசை:

பிளேட்டும் பெயின்டும் நான் சொல்லுறன்.

1957 தொடக்கம் நம்பர் பிளேட்டில ஸ்ரீ எழுத்துப் போட்ட வரிசை வந்தது. அதுக்கு முதல் ஆங்கில எழுத்து: ஈஎன், ஈஎல், ஈவை போல. அதனால பிரிந்த கண்ணாடி மைனருக்கு ஆங்கில எழுத்து, மைனர் 1000க்குப் பெரும்பாலும் 1 ஸ்ரீ. கண்ணாடியும் பிளேட்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில மாறினது நமக்கு வசதி. கறுப்புத் தளத்தில வெள்ளை எழுத்து. பிளேட் 7 மி.மீ. நீளம், 1.5 உயரம், எழுத்து 1 மி.மீ. பத்து மடங்கு பெரிசாக வரைந்து, சுருக்கி, 1200 டிபிஐ லேசரில அச்சடியுங்க. இங்க்ஜெற்றில மை ஊறி எழுத்து அடைத்துவிடும். வெட்டின பிறகு தாளின் நான்கு விளிம்பிலும் கறுப்பு மார்க்கரை ஓட்டுங்க. இதை மறந்தால் பிளேட்டைச் சுற்றி வெள்ளைக் கோடு ஒன்று தெரியும், எழுத்துக்கு முதல் கண் அதிலதான் போகும்.

கழற்றும்போது அடியில உள்ள ரிவெட் தலையை 3 மி.மீ. பிட்டால, கையால மெதுவாக, ஒன்றரை மி.மீ. ஆழம் மட்டும் சீவுங்க. மெசினைப் பிடித்தால் பிட் வழுக்கிக் கூரை வரைக்கும் போகும். கண்ணாடி, சீற், பம்பர் எல்லாம் எடுத்த வெறும் கூட்டை மட்டும் அசிற்றோனில அரை மணித்தியாலம் கண்ணாடிப் போத்தலில ஊறவைத்தால் பெயின்ட் சுருண்டு வரும். கோஸ்ரிக் சோடாவில இரவு முழுக்கப் போடாதீங்க, நாகத்தைத் தின்று மேற்பரப்பு கறுத்துச் சொரசொரப்பாகும்.

நம்ம பக்கம் மாரியில ஸ்பிரே அடிக்கவேண்டாம். தின்னர் ஆவியாகிற நேரம் மேற்பரப்பு குளிரும், ஈரக்காற்று அதில படிந்து வெள்ளை மூடும். மற்ற வானிஷைவிட மினுக்கமில்லாத (மற்) வானிஷ்தான் இதில அதிகம் கெடும். கார்த்திகை, மார்கழியில வேலை செய்யவேணும் என்றால் தூரிகையும் அக்ரிலிக்கும். முழு மினுக்கமும் வேண்டாம், பாதி மினுக்கம்தான் இந்த அளவுக்கு உண்மையாகத் தெரியும். கண்ணாடியைத் திரும்ப ஒட்ட வெள்ளை மரப் பசை. சுப்பர் குளூவின் ஆவி கண்ணாடியைப் பால் நிறமாக்கும், பிறகு எதைப் போட்டுத் தேய்த்தாலும் பழைய தெளிவு வராது.

புழுதி நிறத்தையும் பார்த்துச் செய்யுங்க. இங்கிலாந்து மொடல்காரர் பூசுகிற கரும் பழுப்புச் சேறு நம்ம மணல் நாட்டுக்கு ஒத்துவராது. சாம்பல் கலந்த வெளிர் மண் நிறம், அதுவும் மட்கார்டுக்குக் கீழ, பின் பம்பரில மட்டும். வீதி ஓரத்துக்குக் கல்லடி மணலை அப்படியே கொட்டாதீங்க. அரை மி.மீ. மணல் இந்த அளவில ஒன்றரை அங்குலக் கல். உப்பும் இருக்கும், ஈரத்தை இழுத்துத் தண்டவாளத்தையும் கார் அடித்தட்டையும் கெடுக்கும். நல்ல தண்ணியில மூன்று தரம் கழுவிக் காயவைத்து, பழைய சேலைத் துணியால சலித்து, துணிக்குக் கீழ விழுகிற தூளை மட்டும் எடுங்க.

வாவிக்கரை:

நன்றி அண்ணன்மாரே. 1:76 மைனரை இப்பதான் அளந்தன், 49 வருகுது, கண்ணாடி பிரிந்ததுதான். அதுக்கு ஈஎல் பிளேட். பாலத்தை நீளவாக்கில திருப்பப்போறன்.