பலா அடிமரத்தில் செயின்சாவால் ஸ்டாண்டு: வெடிப்பு விடாமல் செய்ய என்ன வழி?

கேள்வி: முதுநகர்_கடலூர்

பண்ருட்டிப் பக்கமிருந்து பலா அடிமரத் துண்டு ஒன்று வந்திருக்கிறது. பட்டையோடு 18 அங்குல விட்டம், 30 அங்குல நீளம். இன்னும் பச்சை. வில்லியனூர் சுடுமண் குதிரை வைக்க, ஒட்டில்லாமல் ஒரே கட்டையில் 24 அங்குல உயர ஸ்டாண்டு வேண்டும். கையில் இருப்பது 16 அங்குல பார் (செயின் ஓடும் நீளத் தகடு) போட்ட கரன்ட் செயின்சா. மேல்பரப்பு 12-க்கு 12 கிடைக்குமா? வெடிப்பை எப்படித் தடுப்பது?

பதில் 1: வானூர்_மரவேலை

வட்டத்துக்குள் அடங்கும் பெரிய சதுரத்தின் பக்கம், விட்டத்தில் 0.7 பங்குதான். பட்டையும் வெள்ளையும் (பட்டைக்கு உள்ளே இருக்கும் வெளிர் மரம்) போக, வைரம் (நடுவில் இருக்கும் கெட்டி மரம்) 14, 15 அங்குலம் தேறினால் 10-க்கு 10 நிச்சயம். 12 வேண்டுமென்றால் நாலு மூலையிலும் வெள்ளை தங்கும். பூச்சி முதலில் விழுவது அதில்தான். 10-ஏ போதும் என்பேன்.

வெடிப்புக்குக் காரணம் இதுதான்: காயும்போது மரம் ஆரத்தின் போக்கில் சுருங்குவதைவிட வளையத்தின் போக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்குகிறது. நடுநெஞ்சு (வளையங்களின் மையம்) உள்ளே இருக்கும் கட்டை எங்காவது பிளந்தே தீரும். எங்கே பிளக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் முடிவு செய்யலாம். சுவர்ப் பக்கம் வரப்போகும் முகத்தில், மேலிருந்து கீழ்வரை, நெஞ்சைத் தொடும் ஆழத்துக்கு ஒரே வெட்டு. சுருக்கமெல்லாம் அந்தப் பிளவில் போய்ச் சேரும். நன்றாகக் காய்ந்த பிறகு அதே மரத்தில் ஆப்பு மாதிரிச் சட்டம் சீவி இறக்குங்கள். பசை ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் ஒட்டினால் புதிதாக வேறிடத்தில் பிளக்கும்.

இன்றைக்கே செய்ய வேண்டியது: இரண்டு முனையிலும் உருக்கிய மெழுகோ பழைய பெயின்ட்டோ தடிமனாகப் பூசுங்கள். ஈரம் வேகமாக வெளியேறுவது முனை வழியாகத்தான்.

பதில் 2: சங்கிலி_அரம்

செயினைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கடையில் வரும் செயின் குறுக்கே அறுக்க 30 டிகிரி கோணத்தில் தீட்டியது. நீளவாக்கில் அறுக்க 10 டிகிரிக்கு மாற்றித் தீட்டினால் முகம் வழவழப்பாக வரும், மோட்டாரும் திணறாது. இந்த அளவு கரன்ட் மெஷினில் பெரும்பாலும் 3/8 லோ புரொஃபைல் என்ற செயின் வகைதான். அதற்கு 4 மி.மீ. உருண்டை அரம். பார் மேல் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பட்டையை முதலில் கொத்தி எடுத்துவிடுங்கள். அதில் ஒட்டிய மணல் ஐந்தே நிமிடத்தில் பல்லை மழுக்கிவிடும். பலாப்பால் செயினில் பிசினாக இறுகும். வேலை முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கி, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் விடுங்கள்.

கட்டையைப் படுக்கப் போட்டு இரு பக்கமும் ஆப்பு கொடுங்கள். ஒரு முனையில் ரசமட்டம் வைத்துச் சதுரம் வரைந்து, மறுமுனையிலும் அதே ரசமட்டத்தால் வரைய வேண்டும். கண்ணளவில் வரைந்தால் ஸ்டாண்டு முறுக்கிக்கொள்ளும். பிறகு கலர் நூல் அடித்து, கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் விட்டு அறுங்கள். சேமியா மாதிரி நீள நீளமாகச் சுருள் வந்தால் பல் நன்றாக இருக்கிறது. மாவாகக் கொட்டினால் நிறுத்தி அரம் போடுங்கள், அழுத்தாதீர்கள். அந்தச் சுருள் செயின் மூடிக்குள் அடைத்துக்கொள்ளும், அடிக்கடி தட்டிவிட வேண்டும்.

பாரின் நுனியில் மேல் கால்பகுதி மரத்தில் பட்டால் மெஷின் முகத்தை நோக்கி எகிறும். பாருக்கு நேராகத் தலையை வைக்காதீர்கள், செயின் பிரேக் (எகிறினால் செயினை நிறுத்தும் பிடி) வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். கண்ணாடி, காது மூடி, கால் கவசம் இல்லாமல் தொடவே வேண்டாம்.

பதில் 3: பாகூர்_கட்டை

வானூர்க்காரர் சொன்ன வெட்டு சரி. ஆனால் அடியிலிருந்து நெஞ்சையே எடுத்துவிட்டால் இன்னும் நல்லது, எடையும் குறையும். அடிமுனையில் 5 அங்குலச் சதுரம் வரைந்து, பார் நுனியின் கீழ்ப்பகுதியால் ஓர் அங்குலம் தோண்டி, அப்புறம்தான் பாரை நேராக்கி உள்ளே தள்ள வேண்டும். பாரில் 14 அங்குலத்தில் சாக்பீஸ் கோடு போடுங்கள். நாலு பக்கமும் வெட்டியதும் உள்ளே ஒட்டி நிற்கும் துண்டை ஆப்படித்து ஒடித்துவிடலாம். மேலே 10 அங்குலம் திடமாக நிற்கும். நுனி வெட்டு பழகாதவர் இதை வேறு கட்டையில் பழகிவிட்டு வாருங்கள்.

முதுநகர்_கடலூர்:

இரண்டையும் செய்கிறேன். எப்போது இழைத்து எண்ணெய் பூசலாம்?

பாகூர்_கட்டை:

நம் கடலோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் மரம் ஈரம் குடித்து ஊதும். அதனால் தேதி பார்க்காமல் எடை பாருங்கள். செங்கல் மேல், நிழலில், காற்றோட்டமாக வைத்து மாதம் ஒருமுறை தராசில் ஏற்றுங்கள். கோடையில் அடுத்தடுத்து இரண்டு மாதம் எடை குறையாமல் நின்றால் இழைக்கலாம். அடிப்பரப்பில் நாலு மூலையிலும் 2 அங்குலம் விட்டு, இடையில் உள்ள விளிம்புகளைக் கால் அங்குலம் பள்ளமாக்குங்கள். தரை சமமில்லாவிட்டாலும் ஆடாது. 80, 120, 180 என்று உப்புத்தாள் போட்டு, ஆளிவிதை எண்ணெய் மெல்லிசாக மூன்று கோட்டிங். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள். மஞ்சள் வைரம் வெளிச்சம் பட்டுப் பழுப்பாக மாறும், சாயம் தேவையில்லை. குதிரையை ஒரேயிடத்தில் வைத்திருந்தால் அதன் அடியில் மட்டும் மஞ்சளாகவே நிற்கும், ஆரம்பத்தில் அவ்வப்போது நகர்த்தி வையுங்கள்.