ஆற்காட்டு வீடு: புதன்கிழமைச் சந்தை

செந்தில் அண்ணன்: எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் முதல் வாரம் அப்பா அம்மாவை இரண்டு இரவு வெளியூர் கூட்டிப் போகிறேன். தீபாவளிக்கு அவர்கள் ஊர் திரும்பிவிடுவார்கள், அதனால் இதுதான் வாய்ப்பு. அப்பா ஓர் ஊர் பெயர் சொல்லியிருக்கிறார். இன்று இரவு அறை பதிவு செய்ய வேண்டும்.

சித்தப்பா: எந்த ஊர்?

அம்மா: அவரையே கேளுங்கள். நான் கடல் பார்க்கலாம் என்றேன்.

அப்பா: மார்க்கெட் டிரேடன்.

அத்தை: மார்க்கெட்டா? காய்கறி வாங்கவா பர்மிங்காம் வரைக்கும் போனாய் தம்பி?

அப்பா: அக்கா, அது இங்கிலாந்தில் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். செந்தில் வீட்டிலிருந்து காரில் ஒன்றேகால் மணி நேரம். 1245இல் மூன்றாம் ஹென்றி அங்கே சந்தை நடத்த உரிமை கொடுத்தார். அந்த நிலம் அப்போது காம்பர்மியர் மடத்துத் துறவிகளிடம் இருந்தது. நம் வேலூர் பக்கத்துப் பொய்கை ஊரில் செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தை கூடுவது போல அங்கே புதன்கிழமை. இன்றுவரை அதே கிழமைதான். எந்தக் கிழமை போனாலும் ஊரைப் பார்க்கலாம், ஆனால் சந்தை நடக்கும் நாளில் போனால்தான் அந்த ஊர் எதற்காக உண்டானது என்பது தெரியும். அதனால் செவ்வாய் மாலை போய்ச் சேர்ந்து, புதன் முழுதும் இருந்து, வியாழன் திரும்ப வேண்டும்.

மீனா அண்ணி: மாமா, பிள்ளைகளுக்குப் பள்ளி இருக்கிறது.

அத்தை: இரண்டு நாள் லீவு போடச் சொல்.

மீனா அண்ணி: இங்கே அப்படிப் போட முடியாது அத்தை. தலைமை ஆசிரியர் அனுமதி வேண்டும். ஊர் சுற்றப் போகிறோம் என்றால் தரமாட்டார். அரைப்பருவ விடுமுறை அக்டோபர் கடைசியில்தான்.

அப்பா: பள்ளியைக் கெடுத்துக்கொண்டு யாரும் வர வேண்டாம். 34 வருடம் வாத்தியாராக இருந்துவிட்டு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

செந்தில் அண்ணன்: அப்படியென்றால் வெள்ளி, சனி?

அப்பா: சந்தை?

கீதா: அப்பா ஒரு நிமிடம். மார்க்கெட் டிரேடன் என்றால் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் வளர்ந்த ஊர்தானே?

சித்தப்பா: ஓஹோ

அப்பா: ஆமாம். பக்கத்தில் மூன்று மைல் தூரத்தில் மோர்ட்டன் சே. அங்கே ஸ்டைச் என்ற வீட்டில் 1725 செப்டம்பர் 29 பிறந்தான். டிரேடனில் பள்ளிக்கூடம் போனான்.

கீதா: நம் ஊரைக் கொள்ளையடித்துச் சம்பாதித்தவன் பிறந்த இடத்தைப் பார்க்க நாமே காசு கொடுத்துப் போக வேண்டுமா? எனக்கு மனது ஒப்பவில்லை. பக்கத்து நகரமான ஷ்ரூஸ்பரியில் அவனுக்குச் சிலை வேறு வைத்திருக்கிறார்கள்.

சித்தப்பா: கீதா சொல்வதும் சரிதான் அண்ணா.

அம்மா: கல்யாணமாகி முதல் வெளியூர் செஞ்சிக் கோட்டை. ராஜகிரி உச்சி வரைக்கும் ஏற வைத்தார். மூன்று நாள் கால் வலி. யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

அத்தை: எனக்கு இருக்கிறது. நான்தான் எண்ணெய் தேய்த்துவிட்டேன்.

அப்பா: கீதா, கொஞ்சம் பொறுமையாகப் படி. ஆற்காட்டு முற்றுகையை நான் வருடா வருடம் எட்டாம் வகுப்புக்கு நடத்தினேன். 1751இல் சென்னையிலிருந்து 200 வெள்ளையரையும் 300 சிப்பாய்களையும் கூட்டிக்கொண்டு வந்து கோட்டைக்குள் புகுந்தான். ஆற்காட்டு நவாப் சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப் வெளியே சூழ்ந்துகொண்டார். ஏறத்தாழ 50 நாள். அரிசி தீர்ந்தபோது சிப்பாய்கள் போய், சோற்றை வெள்ளையருக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் கேட்பார்கள், அந்தச் சிப்பாய்களின் பெயர் என்ன சார் என்று. என்னிடம் பதில் இருக்காது. எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. கிளைவ் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்து படித்தான் என்பது வரைக்கும் அந்த ஊரில் காட்டுகிறார்கள். கஞ்சி குடித்தவன் எந்தத் தெருவில் பிறந்தான் என்று நம் ஊரில் நமக்கே தெரியாது. நான் அவனை வணங்கப் போகவில்லை. இவ்வளவு சின்ன ஊரிலிருந்து 17 வயதில் கப்பல் ஏறி 1744இல் சென்னைக்குக் கணக்கெழுத வந்த ஒருவன் எப்படி நம் தெருவரைக்கும் வந்தான் என்று அந்த முனையிலிருந்து நின்று பார்க்க வேண்டும். இந்த முனையை 70 வருடமாகப் பார்த்துவிட்டேன்.

பாலு: பெரியப்பா 🙏

கீதா: சரி அப்பா. ஆனால் செப்டம்பர் 29 மட்டும் வேண்டாம். பிறந்தநாளுக்குப் போனது போல ஆகிவிடும்.

அப்பா: அதுதான் அக்டோபர் என்றேன்.

சித்தப்பா: பாலு, கீல் பல்கலைக்கழகத்துக்கு அது பக்கம்தானே? நீ போயிருக்கிறாயா?

பாலு: போன வருடம் நண்பனின் காரில் ஒரு தடவை போனேன் அப்பா. நல்ல அமைதியான ஊர். கறுப்பு வெள்ளை மரச்சட்ட வீடுகள் சில இருக்கின்றன. அதைவிட அதிகம் செங்கல் வீடுகள். நடுவில் தூண் வைத்த ஒரு கல் மண்டபம் இருக்கிறது. பட்டர்கிராஸ் என்கிறார்கள். கிராமத்துப் பெண்கள் வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்து விற்ற இடம்.

அப்பா: 1651இல் ஒரு ரொட்டிக் கடையில் பிடித்த தீ ஊரில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. அதனால் அதற்கு முந்தைய வீடுகள் குறைவு. தீ 1651, நம் முற்றுகை 1751. சரியாக நூறு வருடம்.

அம்மா: அறைக்கு மாடிப்படி உண்டா?

பாலு: பெரியம்மா, பழைய விடுதி என்றால் எல்லாமே மாடிதான். படி குறுகல், லிஃப்ட் இருக்காது.

அம்மா: அப்படியென்றால் நான் வரவில்லை. முட்டி இருக்கிற நிலையில் முடியாது.

செந்தில் அண்ணன்: அம்மா, ஊருக்கு வெளியே ஒரு பி அண்ட் பி, அதாவது விருந்தினர் தங்கும் வீடு, பார்த்துவைத்திருக்கிறேன். தரைத்தள அறை. தொலைபேசியில் கேட்டேன், குளியலறையில் தொட்டி இல்லை, ஷவர்தான். காலை உணவு அவர்களே தருவார்கள்.

அம்மா: என்ன உணவு?

செந்தில் அண்ணன்: முட்டை, காளான், பீன்ஸ், ரொட்டி.

அத்தை: புரட்டாசியில் முட்டையா!

மீனா அண்ணி: அத்தை, நான் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் கட்டித் தருகிறேன். முதல் நாளுக்குப் போதும்.

அம்மா: தயிருக்கு என்ன செய்வது?

பாலு: பெரியம்மா, அந்த ஊரிலேயே பெரிய தயிர் ஆலை இருக்கிறது. கடையில் எங்கே பார்த்தாலும் தயிர்.

அம்மா: அப்படியா. சரி, யோசிக்கிறேன்.

அப்பா: முட்டிக்கும் அங்கே வழி இருக்கிறது. ஊரை ஒட்டி ஷ்ராப்ஷயர் யூனியன் கால்வாய் போகிறது. தாமஸ் டெல்ஃபோர்ட் திட்டமிட்டது, 1835இல் திறந்தார்கள். கரையில் முன்பு படகை இழுக்கும் குதிரை நடந்த பாதை, மேடு பள்ளம் இல்லாமல் இருக்கும். சற்றுத் தெற்கே டைர்லியில் அடுத்தடுத்து ஐந்து மதகுப் பூட்டுகள். படகு ஒவ்வொன்றிலும் நுழைந்ததும் கதவை மூடித் தண்ணீர் நிரப்பி மேலே ஏற்றுவார்கள். நீ கடல் கேட்டாய். கடல் இல்லை, தண்ணீர் இருக்கிறது.

அம்மா: கால்வாயைக் காட்டிக் கடல் என்கிறார்.

கீதா: 😄 அம்மா போய்விட்டு வாருங்கள்

அத்தை: அந்த ஊரில் தின்பதற்கு என்ன பேர் போனது? நம் மக்கன் பேடா போல ஏதாவது?

பாலு: ஜிஞ்சர்பிரெட் அத்தை. இஞ்சி போட்ட பிஸ்கட் மாதிரி. ஊர் எல்லைப் பலகையிலேயே எழுதியிருக்கிறார்கள். 200 வருடத்துக்கு மேலாகச் செய்கிறார்களாம். அங்கே ஒயினில் முக்கித் தின்பார்கள். நான் டீயில் முக்கினேன்.

அத்தை: செந்தில், எனக்கு இரண்டு பொட்டலம். பல்லுக்கு மெதுவாக இருக்குமா பார்.

சித்தப்பா: மக்கன் பேடா என்றதும் ஞாபகம். போன தடவை நான் கொடுத்துவிட்ட டப்பா என்ன ஆயிற்று?

மீனா அண்ணி: சித்தப்பா, பாகு முழுதும் கசிந்து அம்மாவின் பட்டுப்புடவையில்...

அம்மா: அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

சித்தப்பா: நான் மூன்று பை போட்டுக் கட்டித்தான் கொடுத்தேன். அண்ணன்தான் எடை குறைக்க இரண்டு பையைப் பிரித்தார்.

அப்பா: ஒரு பையைத்தான்.

அத்தை: பழைய வீட்டு அடுக்களையில் பாகு காய்ச்சினால் தெரு முனை வரைக்கும் மணக்கும். அந்த வீட்டை விற்கும்போது என்னை யாரும் கேட்கவில்லை.

சித்தப்பா: அக்கா, அது இப்போது எதற்கு?

அத்தை: சும்மா சொன்னேன். ஊர் ஊராகப் போய் யார் யார் வீட்டையோ பார்க்கிறீர்கள்.

(இரவு 9.40)

கீதா: அத்தை, நான் அடுத்த மாதம் வரும்போது நாம் இருவரும் அந்தத் தெருவுக்குப் போய் வருவோம்.

அத்தை: சரி கண்ணு.

செந்தில் அண்ணன்: விஷயத்துக்கு வருவோமா? தரைத்தள அறை ஒன்றுதான் இருக்கிறது. நாளை வரைக்கும் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

கீதா: அண்ணா, இவ்வளவு தூரம் போனால் போவிஸ் கோட்டையையும் சேர்த்துக்கொள். ஷ்ரூஸ்பரி தாண்டி வேல்ஸ் எல்லைக்குள். கிளைவ் குடும்பம் இங்கிருந்து கொண்டுபோன பொருள்கள் அங்கேதான் இருக்கின்றன. திப்புவின் கூடாரம்கூட. சந்தையைவிட அதை அப்பா பார்க்க வேண்டும்.

அப்பா: பார்க்கத்தான் வேண்டும். கிளைவின் மகன் எட்வர்டு 1798இல் சென்னை கவர்னராக வந்தான். திப்புவின் தலைநகரம் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தது அதற்கு அடுத்த வருடம். கோட்டையில் படி நிறைய இருக்கும். அம்மா தோட்டத்தில் உட்காரட்டும்.

அம்மா: பார்த்தாயா. கோட்டை வந்துவிட்டது.

கீதா: ஷ்ரூஸ்பரி சிலையைப் பார்க்கப் போகிறீர்களா அப்பா?

அப்பா: வழியில் நிற்கலாம். 1860இல் வைத்தது. 2020இல் அதை எடுக்கச் சொல்லி மனு கொடுத்தார்கள். கவுன்சிலில் ஓட்டெடுத்து வைத்துக்கொண்டார்கள். பிறகு பக்கத்தில் அவன் செய்ததை விளக்கி ஒரு பலகை வைத்தார்கள். அந்தப் பலகையில் ஆற்காட்டுக்கு இடம் இருக்கிறதா என்று படித்துவிட்டு வந்து சொல்கிறேன். அவன் கல்லறையோ, மோர்ட்டன் சே தேவாலயத்தில் எந்த இடம் என்று அடையாளம் இல்லாமலே புதைத்துவிட்டார்கள். சுவரில் ஒரு தகடு மட்டும்.

பாலு: பெரியப்பா, டிரேடன் தேவாலயக் கோபுரத்தைக் கட்டாயம் பாருங்கள். சின்ன வயதில் கிளைவ் அதன் மேல் ஏறி, நம் கோயில் கோமுகம் போல மழைநீர் வடிய வைத்திருக்கும் கல் உருவத்தின் மேல் போய் உட்கார்ந்தானாம். கீழே இருந்து பார்க்கவே எனக்குத் தலை சுற்றியது.

அப்பா: பையன்களைச் சேர்த்துக்கொண்டு கடைக்காரர்களிடம் மாமூல் வாங்கினான் என்றும் சொல்வார்கள். கண்ணாடி உடையாமல் இருக்கக் காசு. அந்தத் தேவாலயம் செயின்ட் மேரி. 1753இல் அவனுக்குக் கல்யாணம் நடந்த புனித ஜார்ஜ் கோட்டைத் தேவாலயமும் செயின்ட் மேரி. சென்னையில் உங்களை அங்கே கூட்டிப் போனேனே, செந்தில்?

செந்தில் அண்ணன்: ஞாபகம் இருக்கிறது. வெயிலில் நின்றோம். கீதா அழுதாள்.

கீதா: எனக்கு ஐந்து வயது!

சித்தப்பா: என்னை ரேணிகுண்டாவில் விட்டுவிட்டுப் போன பயணத்தைவிட எல்லாமே நல்ல பயணம்தான்.

அப்பா: நீ டீ குடிக்க இறங்கினாய்.

சித்தப்பா: ஐந்து நிமிடம் நிற்கும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள் அண்ணா.

(மறுநாள் காலை 7.15)

சித்தப்பா: 📷 படம்

சித்தப்பா: நடைக்குப் போனபோது நம் பழைய கோட்டையின் வாசல், டெல்லி கேட் வரைக்கும் போனேன். மேலே இருப்பதைக் கிளைவ் அறை என்றுதானே சொல்வோம்? கீழே ஆடு கட்டியிருக்கிறது. பாலாற்றில் தண்ணீர் கொஞ்சம் இருக்கிறது. படத்தை வைத்துக்கொள்ளுங்கள் அண்ணா. அந்த ஊரில் யாராவது கேட்டால் காட்டலாம்.

அப்பா: மிக நல்ல காரியம் செய்தாய். செந்தில், இதைப் பெரிதாக அச்சிட முடியுமா? அங்கே அருங்காட்சியகம் ஏதாவது இருந்தால் கொடுத்துவிட்டு வருகிறேன். பின்னால் தமிழிலும் எழுதித் தருகிறேன்.

கீதா: அந்தக் கஞ்சிக் கதையையும் எழுதுங்கள் அப்பா.

அப்பா: அதைத்தான் எழுதப் போகிறேன்.

அத்தை: ஆட்டை மறைத்துவிட்டு இன்னொரு படம் எடு.

செந்தில் அண்ணன்: எடுக்கலாம் அத்தை. அறை விஷயம் இன்னும் முடியவில்லை. செவ்வாய் மாலை நான், அப்பா, அம்மா. சரியா? மீனாவும் பிள்ளைகளும் இல்லாமல்?

மீனா அண்ணி: பெரியவன் தாத்தாவோடு வருவேன் என்று காலையிலிருந்து அழுகிறான்.

அப்பா: அழ வேண்டாம் என்று சொல். வாரக் கடைசியில் அவனை ஷ்ரூஸ்பரிக்குக் கூட்டிப் போகிறேன். ரயிலிலேயே போகலாம், ஒரு மணி நேரம்.

செந்தில் அண்ணன்: அப்படியென்றால் இரண்டு பயணமா அப்பா?

அம்மா: முதலில் அறையில் கெட்டில் இருக்கிறதா என்று கேள். அப்புறம் நான் வருகிறேனா இல்லையா என்று சொல்கிறேன்.

செந்தில் அண்ணன்: கேட்கிறேன். 12 மணிக்குள் சொல்லுங்கள்.

அத்தை: ஜிஞ்சர்பிரெட் மூன்று பொட்டலமாக வாங்கு. கீதாவுக்கும் ஒன்று.