கவர் பாட்டால் வாங்கின பேர் பேராகாதா?

அல்சூர்க்காரன்:
பெங்களூரு பப்பில் நம்ம தமிழ்ப் பசங்க பேண்டு ஏறினால் நடப்பது எல்லாருக்கும் தெரியும். எண்பதுகளின் சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்து, கிதாரில் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) ஏற்றி, ட்ரம்ஸில் டபுள் பேஸ் பெடலை மிதிப்பார்கள். கூட்டமே சேர்ந்து பாடும். சொந்தப் பாட்டு ஆரம்பித்ததும் பாதிப் பேர் பீர் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். இதை வைத்து "இவனுங்க வெறும் கவர் பேண்டு", அதாவது அடுத்தவர் பாட்டையே வாசிக்கிறவர்கள் என்று இங்கே ஒருவர் நக்கலடித்திருந்தார். இதில் என்ன கேவலம்? அமெரிக்க ராக் குழு வான் ஹேலனே பசடேனா ஊரின் வீட்டுப் பார்ட்டிகளில் வாசித்து வளர்ந்த குழு. 1978இல் அவர்கள் விட்ட முதல் சிங்கிளே (தனியாக வெளியிட்ட பாட்டு) கிங்க்ஸ் குழுவின் 1964 பாட்டுதான். லாஸ் ஏஞ்சலஸ் கிளப்புகளில் சுற்றிக்கொண்டிருந்த குவயட் ரயட், 1983இல் ஸ்லேட் குழுவின் பத்து வருஷப் பழைய பாட்டைக் கனமாக வாசித்து அமெரிக்க ஹிட் பட்டியலில் 5ஆம் இடத்துக்குப் போனது. ஆல்பம் முதலிடம். ஊர்ப் பேண்டுகள் மேலே வந்த வழியே இதுதான்.

பழைய ஓவர்டிரைவ்:
குவயட் ரயட் கதையைப் பாதியில் நிறுத்திட்டீங்களே தலைவரே. அடுத்த வருஷமே அதே ஸ்லேடின் இன்னொரு பாட்டை அதே மாதிரி போட்டார்கள். டாப் 40 பக்கம்கூட வரவில்லை. அப்புறம் அந்தக் குழு பழைய உயரத்துக்குத் திரும்பவே இல்லை. வான் ஹேலனும் 1982இல் ஒரு ஆல்பத்தில் 12 தடத்தில் 5 கவர் போட்டார்கள். அவர்களுடைய கிதாரிஸ்ட் எடி வான் ஹேலனே பின்னாளில் அதை நினைத்துச் சலித்துக்கொண்டார். அவர்களுடைய ஒரே நம்பர் ஒன் சிங்கிள் 1984இல் அந்த இடத்தைப் பிடித்த 'ஜம்ப்'. சொந்தப் பாட்டு.

இங்கே என்ன நடக்கிறது? ஒரு பப்பில் எங்களிடம் முன்கூட்டியே செட்லிஸ்ட் (வாசிக்கப்போகும் பாட்டு வரிசை) கேட்டார்கள். "ஒரிஜினல் ஒண்ணு போதும் பாஸ், அதையும் நடுவில் வைங்க" என்றார் மேனேஜர். ஒன்பது மணிக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களுக்குத் தெரிந்த பாட்டு வேண்டுமாம். இதை வளர்ச்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமி மெட்டல்:
ஒரு சந்தேகம். கச்சேரியில் அத்தனை பேரும் தியாகராஜரையும் தீட்சிதரையும்தானே பாடுகிறார்கள்? எந்த வித்வானையாவது கவர் பாடகர் என்கிறோமா?

நம்ம பெங்களூரு அகம் குழுவையே எடுத்துக்கொள்ளுங்கள். நளினகாந்தி ராகத்தில் 'மனவ்யாளகிஞ்சரா'வை அவர்கள் ராக்கில் வாசிப்பதைக் கேளுங்கள். டிஸ்டார்ஷன் ஏற்றிவிட்டு முழு கார்டு (காந்தாரமும் சேர்ந்து ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரங்கள்) பிடித்தால் கசகசவென்று ஆகிவிடும். அதனால் இந்த வகை இசையில் பவர் கார்டுதான்: ஷட்ஜமமும் பஞ்சமமும் மட்டும். கிதார் காந்தாரத்தைத் தொடுவதே இல்லை. பாடகர் அங்கே நிம்மதியாக ஸ்வரத்தை அசைத்துக் கமகம் போடலாம். வீட்டில் கீபோர்டில் முழு கார்டு வைத்துப் பாடிப் பாருங்கள், காந்தாரத்தை அசைத்த உடனே உரசும். ஹெவி கிதாரும் கர்நாடக சங்கீதமும் இவ்வளவு எளிதாக ஒட்டிக்கொள்வதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

பழைய ஓவர்டிரைவ்:
மாமி, கச்சேரியில் நிரவல் உண்டு, கற்பனை ஸ்வரம் உண்டு, இரண்டுமே பாடகர் அங்கேயே கற்பனை செய்து பாடுவது. ஒரே கிருதியை இரண்டு பேர் பாடினால் இரண்டு விதமாக இருக்கும். அகத்தையும் நான் குறை சொல்லவில்லை. பப்பில் கேட்பது வேறு. ராஜா போட்ட வயலின் இன்டர்லூடை (இடையிசையை) ஸ்வரம் மாறாமல் கிதாரில் வாசிக்கிறான். அந்த இன்டர்லூடே ஒரு முழு இசையமைப்பு. அதையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டால் இவன் செய்தது பெடலை அமுக்கினது மட்டும்தான்.

அல்சூர்க்காரன்:
இன்டர்லூட் விஷயத்தில் சண்டை போட மாட்டேன். ஆனால் கேரளத்துத் தைக்குடம் பிரிட்ஜ் குழு? 2013இல் மலையாள கப்பா டிவியில் பழைய பாட்டுகளை மெட்லியாகக் கோத்து வாசித்துத்தான் வெளியே தெரிந்தார்கள். அப்புறம் 'நவரசம்' என்று சொந்த ஆல்பமே போட்டார்கள். அந்தக் குழுவின் கோவிந்த் வசந்தாதான் '96' படத்துக்கு இசை. அந்த மெட்லி இல்லாவிட்டால் நமக்கு அவரைத் தெரிந்திருக்குமா?

பழைய ஓவர்டிரைவ்:
தைக்குடம் ஒன்று. மெட்லி வாசித்துக் காணாமல் போனவர்கள் எத்தனை பேர்? அவர்கள் பேர் உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முப்பத்தொன்று சி:
ரெண்டு பேரும் காசை மறந்துட்டீங்க. பப்பில் நேரடியாக வாசிப்பதற்கு உரிமம் எடுப்பது பெரும்பாலும் இடத்துக்காரர் வேலை. ரெக்கார்ட் செய்து வெளியிடுவதுதான் சிக்கல். நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவுப்படி, பாட்டு முதலில் பதிவான வருஷம் முடிந்து ஐந்து ஆண்டு ஆகியிருக்க வேண்டும். வருஷத்துக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டியை முன்பணமாகக் கட்ட வேண்டும். அதற்கும் மேலே, தொழில்நுட்பத் தேவை தவிர பாட்டில் மாற்றம் செய்யக் கூடாது. மெட்டலாக மாற்றுவதே மாற்றம்தானே? ஆக உரிமையாளரிடம் போய் அனுமதி கேட்பதுதான் வழி. கேட்காமல் யூடியூபில் ஏற்றினால், பாட்டு ஹிட் ஆனாலும் விளம்பரக் காசு உரிமை வைத்திருக்கும் லேபிள் (இசை நிறுவனம்) கணக்குக்குப் போய்விடலாம். ஐந்து லட்சம் பேர் பார்த்தார்கள் என்று சந்தோஷப்படலாம், ட்ரம்மருக்கு ஆட்டோ காசு வராது.

தியாகராஜர் 1847இல் மறைந்தவர், அங்கே பிரச்சினை இல்லை. பாரதி பாடல்களின் உரிமையை 1949இலேயே அரசு வாங்கிவிட்டது, பிறகு எல்லாருக்கும் பொதுவாகிவிட்டது. சினிமாவில் வந்த பாரதி பாட்டு என்றால் வரிகள் இலவசம், மெட்டு இலவசம் இல்லை. இதைப் பல பேர் கவனிப்பதில்லை.

மாமி மெட்டல்:
அப்ப பாரதி வரி, சொந்த மெட்டு. கூட்டத்துக்கு வரிகள் தெரியும், கூடவே பாடும். ஓவர்டிரைவ் சார், இது கவரா, ஒரிஜினலா?

பழைய ஓவர்டிரைவ்:
மெட்டு உங்களுடையது என்றால் ஒரிஜினல்தான். நடுவில் ஒளித்து வைக்காமல் முதல் பாட்டாக வாசியுங்கள், நானே வந்து முன்வரிசையில் நிற்கிறேன்.

அல்சூர்க்காரன்:
'அக்கினிக் குஞ்சு'க்கு ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு) வைத்திருக்கிறேன், அடித்தந்தியைத் தாழ்த்திய டிராப் டி ட்யூனிங்கில். ட்ரம்ஸுக்குத்தான் ஆள் வேண்டும்.

முப்பத்தொன்று சி:
நான் வாசிப்பேன். சனிக்கிழமை நைட் ஷிப்ட், ஞாயிறு மதியம் என்றால் சரி.