ஒன்றரை வயதுக்குக் கிச்சன் செட்: எதைப் பார்த்து வாங்குவது?

மேடை, அடுப்பு, சிங்க் எல்லாம் வைத்த விளையாட்டுச் சமையலறையைக் குழந்தைக்கு வாங்கும்போது எதைக் கவனிப்பது என்ற கேள்விக்குச் சிலர் தந்த பதில்கள் இவை.

வாங்கும் முன்னால் குழந்தையைச் சுவரோரம் நிறுத்தி, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். செட்டின் மேடை அந்த உயரத்தில் இருக்கலாம், கொஞ்சம் தாழ்ந்தும் இருக்கலாம். உயர்ந்து மட்டும் இருக்கக் கூடாது. ஒன்றரை வயதில் குழந்தை பெரும்பாலும் 80 செ.மீ. சொச்சம் இருக்கும், முழங்கை 45 செ.மீ.யை ஒட்டி வரும். பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது பின்பலகையும் சேர்ந்த மொத்த உயரம். மேடை எத்தனை செ.மீ. என்று தனியாகக் கேளுங்கள். உயரமான மேடை முன் நிற்கும் குழந்தை நுனிக்காலில் எம்பி விளிம்பைப் பிடித்துத் தொங்கும். செட் முன்பக்கம் சாய்வது அப்போதுதான். காலின் உயரத்தை மாற்றிக்கொள்ளும்படி செய்த செட் கிடைத்தால், அதையே எடுங்கள்.

—

சாய்வதைப் பற்றி இன்னொன்று. ஓவன் அடுப்பின் கதவு கீழ்நோக்கித் திறக்கிறதா, பக்கவாட்டில் திறக்கிறதா என்று பாருங்கள். கீழ்நோக்கித் திறக்கும் கதவு இந்த வயதுக்குப் படிக்கட்டு. திறந்ததும் ஒரு காலைத் தூக்கி அதன்மேல் வைப்பார்கள். கீல் பிய்யும், இல்லையென்றால் செட்டே கவிழும். பக்கவாட்டுக் கதவில் அந்த வேலை குறைவு.

கடையில் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்து, மேடையின் முன்விளிம்பைக் கீழ்நோக்கி அழுத்திப் பாருங்கள். பின்பக்கம் தரையை விட்டு எழும்பினால் அது நிற்காத செட். கனமான எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) செட்டாக இருந்தாலும் சுவரில் பிடித்தே ஆக வேண்டும்; கனமாக இருப்பது விழுந்தால்தான் இன்னும் ஆபத்து. கூட வரும் ஸ்க்ரூவும், அதைப் பிடிக்கச் சுவர் ஓட்டையில் செருகும் பிளக்கும் எல்லாச் சுவருக்கும் பிடிக்காது. உங்கள் சுவருக்கு ஏற்றதைத் தனியாக வாங்கிப் போடுங்கள்.

கீல் ஓர இடுக்கையும் கவனியுங்கள். பொம்மைகளுக்கான பாதுகாப்பு விதி, அந்த இடைவெளி விரலே நுழையாதபடி 5 மி.மீ.க்குள் இருக்க வேண்டும், அல்லது நுழைந்த விரல் நசுங்காதபடி 12 மி.மீ.யாவது இருக்க வேண்டும் என்கிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் விரலைக் கடிக்கும்.

—

மேலே இருவர் சொன்னதும் செட்டைப் பற்றி. எனக்கு அதைவிடப் பெரிய கவலை கூட வரும் சொப்புச் சாமான்கள்தான்.

சிவப்பு வட்டத்துக்குள் 0-3 என்று போட்டு, குறுக்கே கோடிட்டு அடித்த குழந்தை முகம் பெட்டியில் இருந்தால், அது மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இல்லை. செட் சரியாக இருந்து சாமான் மட்டும் அப்படி இருப்பதுண்டு. விழுங்கக்கூடிய பொருளா என்று சோதிக்கும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ. வீட்டில் டிஷ்யூ ரோலின் நடுக்குழாயை வைத்துச் சோதியுங்கள்; அது இன்னும் அகலம் என்பதால், அதற்குள் நுழையாதது சோதனை உருளைக்குள்ளும் நுழையாது. நுழைவதையெல்லாம் எடுத்து வைத்துவிடுங்கள்.

வெட்டி விளையாடும் காய்களில் வெல்க்ரோ வில்லையைப் பசையால் ஒட்டியிருப்பார்கள். வாயில் வைத்து ஊறினால் ஓரம் கிளம்பும், நகத்தால் நெம்பினால் கையோடு வந்துவிடும். ஃபோமில் செய்த காய்களும் பழங்களும் வேண்டவே வேண்டாம். முன்பல்லால் துண்டு துண்டாகக் கடித்தெடுத்துவிடுவார்கள்.

விளக்கும் சத்தமும் வரும் அடுப்பில் பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடியதா என்று பாருங்கள். பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டே மணி நேரத்தில் உள்ளே புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்குப் போங்கள்; வெளியே வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காந்தம் வைத்த சாமான்களையும் இந்த வயதுக்கு வாங்காதீர்கள். இரண்டு காந்தம் வயிற்றுக்குள் போனால் குடலை நடுவில் வைத்து ஒட்டிக்கொள்ளும்.

—

எத்தனை சாமான் போதும்? ஒரு மூடி போட்ட பாத்திரம், ஒரு கரண்டி, இரண்டு கோப்பை, கைக்கு அடங்கும் மூன்று நான்கு காய். ஒன்றரை வயதில் சமையல் நடக்காது. போடுவது, எடுப்பது, மூடுவது, திறப்பது, இவ்வளவுதான். வெட்டி, வேகவைத்து, பரிமாறும் வரிசை இரண்டு வயதைத் தாண்டித்தான் மெல்ல வரும். நாற்பது உருப்படி கொடுத்தால் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போய்விடுவார்கள். அதனால் காசைச் சாமானில் போடாமல், டக் டக் என்று நின்று நின்று திரும்பும் குமிழ், கழற்றிக் கழுவக்கூடிய சிங்க், கதவில்லாத ஒரு அலமாரித் தட்டு, இவை உள்ள செட்டில் போடுங்கள். குமிழை நன்றாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் உள்ளே ஸ்க்ரூ முனை நீட்டிக்கொண்டிருக்கும்.

—

எம்டிஎஃப் செட்டின் பாகங்களைச் சேர்த்துப் பூட்டும்போது டிரில் மெஷின் வேண்டாம். ஓட்டை கரகரவென்று அரைபட்டு ஸ்க்ரூ பிடிப்பில்லாமல் சுற்றும். கை ஸ்க்ரூடிரைவர் போதும். எல்லா ஸ்க்ரூவையும் முக்கால்வாசி மட்டும் திருகி, செட்டைச் சமதரையில் நிறுத்தி, கதவு கோணாமல் மூடுகிறதா என்று பார்த்த பிறகு இறுக்குங்கள். முதலிலேயே இறுக்கினால் சட்டம் கோணிக்கொள்ளும், கதவு ஒரு மூலையில் உரசும். அரைபட்ட ஓட்டையில் பல்குத்தும் குச்சியை மரப்பசையில் தோய்த்துச் செருகி, ஒரு நாள் காயவிட்டுத் திருகினால் பிடிக்கும்.

தண்ணீர் விட்டு விளையாட விடுவதாக இருந்தால் பிளாஸ்டிக் செட்டே சரி. எம்டிஎஃப் பலகையின் வெட்டிய ஓரத்தில் ஈரம் இறங்கினால் உப்பும். பிறகு காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. புதுப் பலகையின் நெடி போகிறவரை காற்றோட்டமான இடத்தில் வைத்திருந்து, பிறகு குழந்தையிடம் கொடுங்கள். பழைய செட்டை வாங்கிப் பெயின்ட் உரிந்திருந்தால், அது ஈயம் கலந்ததாக இருக்கக்கூடும். வீட்டில் சுரண்டித் தேய்க்காதீர்கள், அந்தத் தூசியே ஆபத்து. அப்படிப்பட்டதை வாங்காமல் விட்டுவிடுங்கள்.