14 லட்சம் கையில்: ஈசிஆர் ஓரம் நிலமா, கருப்பட்டி வியாபாரமா?

தம்மாம் தம்பி
எல்லோருக்கும் சலாம், வணக்கம். ஊர் கீழக்கரை. 12 வருடமாக சவூதியில் எலெக்ட்ரீஷியன். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்கு என்பது வழக்கம். வாப்பா மவுத்தான பிறகு தங்கச்சிக்கு வீடு கட்டி முடிக்கவே ஏழு வருடம் ஆகிவிட்டது. அதற்கப்புறம்தான் எனக்கென்று 14 லட்சம் சேர்ந்தது. ஏர்வாடி போகும் வழியில் ஒரு ஏக்கர் புஞ்சை (மழையை நம்பிய விவசாய நிலம்) 12 லட்சத்துக்கு வருகிறது. இந்த வாரமே அட்வான்ஸ் வேண்டும் என்கிறார் புரோக்கர். உம்மாவோ, தெரிந்தவர்களோடு சேர்ந்து கருப்பட்டி வாங்கி விற்கலாம் என்கிறார். எனக்கு வயது 36. எதில் இறங்கலாம்?

பெரியபட்டினம் காக்கா
நிலம்தான் தம்பி, யோசிக்காதே. நானும் 19 வருடம் துபாயில் இருந்தவன். காசு கையில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், கல்யாணம், ஆஸ்பத்திரி, மச்சானுக்கு விசா என்று ஆள் வந்துகொண்டே இருக்கும். இல்லை என்று சொல்ல நமக்கு வாய் வராது. 2003இல் சென்ட் 9,000 என்று 12 சென்ட் வாங்கிப் போட்டேன். பாதியை விற்றுத்தான் மகனை பி.ஃபார்ம் படிக்க வைத்தேன். அந்தப் பணம் வங்கியில் கிடந்திருந்தால் இரண்டே வருடத்தில் கரைந்திருக்கும்.

சாயல்குடி அக்கா
காக்கா சொல்வதில் ஒன்று முழு உண்மை: நிலத்தை யாரும் கைமாற்றாகக் கேட்க மாட்டார்கள். ஆனால் அவர் வாங்கியது ஊரை ஒட்டிய மனை. தம்பிக்குக் காட்டுவது புஞ்சை. இரண்டும் ஒன்றில்லை.

எங்கள் அப்பா 1998இல் நரிப்பையூர் பக்கம் மூன்று ஏக்கர் வாங்கினார். கிணறு வெட்டினால் உப்புத்தண்ணீர். இரண்டு வருடம் பார்க்காமல் விட்டதும் சீமைக் கருவேலம் மூடிவிட்டது. கரி மூட்டம் போடுகிறவர்கள் எப்போதாவது வந்து வெட்டிவிட்டு ஏதோ கொடுப்பார்கள், அதுதான் வருமானம். அளவுக்கல் இரண்டைக் காணவில்லை. பக்கத்துக்காரர் வேலி எங்கள் பக்கம் எட்டடி நகர்ந்து நிற்கிறது. விற்கலாம் என்றால் கேட்கும் ஆளெல்லாம் பாதி விலைக்குத்தான் கேட்கிறார்கள். தம்பி, வாங்கும்போது புரோக்கர் வீடு தேடி வருவார். விற்கும்போது நாம்தான் அவரைத் தேடிப் போகவேண்டும்.

செலவையும் பாருங்கள். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம் கிரயத்தன்றே போய்விடும். அதற்குமேல் புரோக்கர் கமிஷன்.

நான் கருப்பட்டிதான் செய்கிறேன். மாசி, பங்குனியில் பதநீர் இறங்க ஆரம்பிக்கும். சீசனில் வாங்கிப் புகை படும் பரணில் வைத்தால், மழைக்காலத்தில் நல்ல விலைக்குப் போகும். போட்ட பணம் ஒரே வருடத்தில் திரும்பிவிடும்.

பெரியபட்டினம் காக்கா
தங்கச்சி, கடனைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. வியாபாரத்தில் சரக்கு போகும், காசு வராது. அதோடு பனை ஏறுகிறவர்கள் வருடா வருடம் குறைகிறார்கள். சீனி கலந்த கருப்பட்டி வேறு சந்தை முழுக்க. சவூதியில் இருந்துகொண்டு கலப்படத்தைத் தம்பி எப்படிக் கண்டுபிடிப்பார்?

சாயல்குடி அக்கா
கடன் நின்றது உண்மைதான் அண்ணே. மதுரைக் கடைக்காரர் ஒருவர் 40,000 ரூபாய் இன்னும் தரவில்லை. அந்த வருடம் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட நகை வைத்தேன். அன்றிலிருந்து பாதிப் பணம் கைக்கு வந்தால்தான் சரக்கு ஏறும். 14 லட்சத்தையும் இதில் போடச் சொல்ல எனக்கு மனசாட்சி இடம் தராது. ஒன்றரை லட்சம், அதுவும் உம்மா நேரில் பார்த்து வாங்குகிற சரக்குக்கு மட்டும்.

பத்திர எழுத்தர், ராமநாதபுரம்
அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்! வெளிநாடுவாழ் இந்தியர் தன் பெயரில் விவசாய நிலம் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிப்பதில்லை. தோட்டம், பண்ணை வீடும் அப்படியே. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். வீட்டு மனை, வீடு, கடை வாங்கத் தடையில்லை. "உம்மா பெயரில் போடலாம்" என்று புரோக்கர் சொல்வார். அப்படி வாங்கினால் சட்டப்படி அது உம்மாவின் சொத்து. நாளைக்குத் தங்கச்சிக்கும் அதில் பங்கு உண்டு. கடலை ஒட்டியிருந்தால், உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடும் வரும்.

பெரியபட்டினம் காக்கா
புஞ்சை விஷயம் எனக்குத் தெரியாது. அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன் தம்பி, தப்பு என்னுடையது. ஆனால் அனுமதி பெற்ற லேஅவுட்டில், தெருவிளக்கும் குடிநீர்க் குழாயும் வந்த இடத்தில் ஐந்து சென்ட் வாங்குவதை நான் இன்னும் விடமாட்டேன். பட்டணத்தில் வாடகை கொடுத்தே வயதானவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தேவிபட்டினம் வாத்தியார்
எல்லோரும் 14 லட்சத்தையே பார்க்கிறீர்கள். அதைச் சம்பாதித்த கையை யாரும் பார்க்கவில்லையே! 12 வருடம் மின்வேலை தெரிந்த ஆள் இவர். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016இல் வந்தது. வெயிலுக்கு இந்த மாவட்டத்தில் குறையே இல்லை. இப்போது வீட்டுக் கூரையில் சூரியத் தகடு போட, 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு 78,000 ரூபாய் மானியம் தருகிறது. கீழக்கரையில் எத்தனை மாடி வீடுகள்! ஏசி ஓடாத வீடு எத்தனை? அங்கிருக்கும்போதே சூரிய மின் வேலையில் ஒரு சான்றிதழ் வாங்குங்கள். ஊருக்கு வந்து தொழில் தொடங்கினால், பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் வங்கிக் கடனுக்கு மானியம் கிடைக்கும். கிராமப்புறமானால் திட்டச் செலவில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம், சிறுபான்மையினருக்கு 35.

பெரியபட்டினம் காக்கா
இது நல்ல யோசனை வாத்தியாரே. ஆனால் தொழில் படுத்துவிட்டால்? அதற்குத்தான் மனை கேட்கிறேன்.

சாயல்குடி அக்கா
அதற்கு என்.ஆர்.இ. வைப்புத்தொகையே (வெளிநாட்டில் சம்பாதித்ததை இங்கே வங்கியில் போடும் வைப்பு) போதும் அண்ணே. வட்டிக்கு இங்கே வரி இல்லை. தேவை என்றால் உடைக்கலாம். மனையை அவசரத்துக்கு உடைக்க முடியாது.

தம்மாம் தம்பி
புரோக்கருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குரலே மாறிவிட்டது அவருக்கு. பத்து லட்சத்தை வைப்பில் போடுகிறேன். அக்கா, மாசி பிறந்ததும் உம்மாவை உங்களிடம் அனுப்புகிறேன், ஒன்றரை லட்சத்தோடு. வாத்தியாரே, இங்கே மாலை வகுப்பு விசாரித்திருக்கிறேன். காக்கா, மனை ஆசை எனக்கும் விடவில்லை. ஊர் வரும்போது உங்களோடு வந்து இரண்டு இடம் பார்க்கட்டுமா?

பெரியபட்டினம் காக்கா
வா தம்பி. பார்க்கும் முன்னால் 30 வருட வில்லங்கச் சான்றும் தாய்ப்பத்திரமும் (முந்தைய உரிமைப் பத்திரம்) எடுத்துவிடுவோம். பணம் மட்டும் கொண்டுவராதே.