லீக்ஸ் நாற்றுக்கு நேரும் ‘லெக்கி’ நிலை: ‘ஒளிக்குறை நீட்சி’ என்ற சொல் குறித்து

அனைவருக்கும் வணக்கம்.

லீக்ஸ் வெங்காயத்தை ஒத்த ஒரு காய்கறி. விதையிலிருந்து எழும் அதன் நாற்று வெளிச்சம் போதாமல் மெலிந்து நீண்டு சாய்ந்துவிடும் நிலையைப் பிரித்தானியத் தோட்டக்காரர்கள் ‘லெக்கி’ என்கிறார்கள். தாவரவியலார் ‘எட்டியோலேஷன்’ என்கிறார்கள். இதற்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த உரையாடல் இழையில் ‘வெளிறல்’, ‘நாற்றுச் சோகை’, ‘தண்டு நீட்சி’ ஆகிய சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. மூன்றும் பொருள் விளங்கும் சொற்களே. ஆயினும் லீக்ஸ் வளர்ப்பவர் கையில் அவை தவறான பரிகாரத்துக்கு இட்டுச் செல்லும் என்று கருதுவதால், ‘ஒளிக்குறை நீட்சி’ என்பதை என் பரிந்துரையாக வைக்கிறேன்.

முதலில் ‘தண்டு நீட்சி’. தக்காளி, கத்தரி போன்ற இருவித்திலைத் தாவரங்களில் (முளைக்கும்போது முதலில் இரண்டு விதையிலைகள், அதாவது வித்திலைகள், விடுபவை) வெளிச்சம் குறைந்தால் வித்திலைக்குக் கீழேயுள்ள தண்டுதான் நீளும். அங்கே அந்தச் சொல் பொருந்தும். லீக்ஸ் வெங்காயக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவித்திலைத் தாவரம். அதன் உண்மையான தண்டு வேருக்கு மேலே ஒரு சிறு தட்டாக மண்ணை ஒட்டியே இருக்கிறது. நாம் தண்டு என்று நறுக்கும் வெள்ளைப் பகுதி, வாழையில் உள்ளதைப் போல, ஒன்றையொன்று சுற்றிய இலையடிகளால் ஆன போலித்தண்டு. முளைக்கும்போது ஒற்றை வித்திலை முழங்காலை மடித்தாற்போல் வளைந்து மண்ணுக்கு வெளியே வந்து, பிறகு நிமிர்கிறது. வெளிச்சம் போதாதபோது நீள்வது இந்த வித்திலையும் அதன்பின் வரும் இலைகளுமே தவிர, தண்டு அன்று.

இது வெறும் உடற்கூற்றுத் திருத்தமாக நின்றுவிடுவதில்லை. தண்டு நீண்ட தக்காளி நாற்றைக் கழுத்துவரை மண்ணில் புதைத்தால் தண்டிலிருந்தே வேர்விட்டுப் பிழைத்துக்கொள்ளும். லீக்ஸின் இலையிலிருந்து அப்படி வேர் வராது. அதே வேளையில், அதன் வளர்முனை அடித்தட்டில் பத்திரமாக இருப்பதால், சாய்ந்துவிட்ட இலைநுனிகளைக் கத்தரியால் வெட்டிச் சுமார் 10 செ.மீ. உயரத்தில் நிறுத்தினாலும் நாற்று சாகாமல் மீண்டும் தழைக்கும். தக்காளியின் தலையை அவ்வாறு வெட்ட முடியாது. ஆகவே தண்டு என்ற சொல்லை இந்தப் பெயருக்குள் கொண்டுவருவது, ஒரு செடிக்குரிய வைத்தியத்தை இன்னொன்றுக்குச் செய்யத் தூண்டும்.

அடுத்து ‘வெளிறல்’. இதை நான் அழுத்தமாகவே மறுக்கிறேன், ஏனெனில் லீக்ஸ் வளர்ப்பில் ஒளியை மறைப்பது நாற்றுப் பருவத்தில் கேடாகவும் வளர்ந்த பருவத்தில் வேண்டிச் செய்யும் தொழில்நுட்பமாகவும் இருக்கிறது. நாற்று பென்சில் கனமும் ஏறத்தாழ 20 செ.மீ. உயரமும் அடைந்தபின், கம்பால் 15 செ.மீ. ஆழத்துக்குக் குழியிட்டு, நாற்றை அதில் இறக்கி, மண்ணைத் தள்ளாமல் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடுவார்கள்; பிறகு செடி வளர வளர மண் அணைப்பார்கள். இவையெல்லாம் போலித்தண்டு வெயில் படாமல் நீளமாகவும் வெள்ளையாகவும் இளசாகவும் இருப்பதற்காகத்தான். ‘வெளிறல்’ என்பதை நாற்றின் குறைக்கு வைத்துவிட்டால், இந்த விரும்பத்தக்க வெண்மைக்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது? அந்தச் செயலுக்கு ‘வெளுப்பாக்கம்’ என்பதை ஒதுக்கிவைத்து, குறையின் பெயரில் நிறத்தைத் தொடாமல் விடுவதே தெளிவு.

‘சோகை’யைக் கேட்டவுடன் உரத்தை எடுக்கத் தோன்றும், ஏனெனில் இரும்பு, தழைச்சத்துக் குறைபாடுகளால் இலை மஞ்சளாவதைத்தான் நம் வேளாண் எழுத்து அப்படிச் சொல்லிப் பழக்கியிருக்கிறது. ஒளி போதாத நாற்றுக்குத் தழைச்சத்தைக் கூட்டினால் இன்னும் மெலிதாகவே ஓடும்.

காரணத்தைப் பார்த்தால் சொல் தானே துலங்குகிறது. பிரித்தானியாவில் பிப்ரவரித் தொடக்கத்தில் லண்டனின் பகல் சுமார் 9 மணி நேரம்தான். அப்போது கதகதப்பான அறையின் சன்னலோரத்தில் விதைத்தால், வெப்பம் வளர்ச்சியை விரட்டுகிறது, வெளிச்சமோ அதற்கு ஈடுகொடுப்பதில்லை. முளைத்த உடனே தட்டை 10 முதல் 15 பாகை செல்சியஸ் வரையுள்ள, வெளிச்சம் மிகுந்த இடத்துக்கு மாற்றுவதும், விளக்கு வைத்தால் அதை நாற்றின் நுனிக்கு நெருக்கமாக இறக்குவதுமே பரிகாரம். ‘ஒளிக்குறை’ என்ற முதற்பாதி இந்தப் பரிகாரத்தைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. ‘நீட்சி’ எந்த உறுப்பையும் குறிப்பிடாததால் தக்காளிக்கும் லீக்ஸுக்கும் ஒருங்கே செல்லும்.

‘சவலை நாற்று’ என்று ஏன் சொல்லக்கூடாது என ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த சொல் அது. தாய்ப்பால் போதாத பிள்ளையைச் சவலை என்றார்கள்; இரண்டாம் அடியில் தனிச்சொல் இல்லாமல் குறைந்து நிற்கும் வெண்பாவையும் சவலை வெண்பா என்றார்கள். கிடைக்கவேண்டியது கிடைக்காத மெலிவு என்ற பொருள் அதில் இருக்கிறது. ஆனால் பழைய விதை, நெருக்க விதைப்பு, நீர் தேங்கிய மண் என எந்தக் காரணத்தால் மெலிந்த நாற்றுக்கும் அது பொருந்தும். நீளுதலும் அதில் இல்லை. எனவே மெலிந்த நாற்றுகள் அனைத்துக்கும் பொதுப்பெயராகச் ‘சவலை நாற்று’ இருக்கட்டும். பித்தியம் போன்ற, பூசணத்தை ஒத்த நுண்ணுயிரிகளால் நாற்று அடியில் கருகிச் சாய்வதற்கு ‘நாற்றழுகல்’ என்ற வழக்கு ஏற்கெனவே உள்ளது. சாய்ந்து கிடப்பதை மட்டும் பார்த்து அதையும் இதையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

லீக்ஸ் நாற்று நலமாக இருக்கும்போதும் புல்லிதழ் அளவுக்கே மெல்லியது என்பதையும் விளக்கத்தில் சேர்க்கவேண்டும். மெல்லிய ஆனால் பச்சையாக நிமிர்ந்து நிற்கும் நாற்றுக்கு எந்தக் குறையும் இல்லை.

கலைச்சொல் பட்டியலுக்கு நான் அனுப்பும் பதிவு இதுதான்: ‘ஒளிக்குறை நீட்சி: போதிய ஒளியின்மையால் நாற்றின் தண்டோ இலையோ இயல்பை மீறி நீண்டு, மெலிந்து, நிற்கும் வலுவை இழத்தல். வினை: ஒளிக்குறையால் நீளுதல்.’ மாற்றுக் கருத்துள்ளவர்கள் லீக்ஸை மட்டுமன்றி ஓர் இருவித்திலைச் செடியையும் எடுத்துக்காட்டாக வைத்துப் பொருத்திப் பார்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.